எம்.சி.பி. இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்? வீட்டு மின்சுற்றைப் புரிஞ்சுக்கலாம் வாங்க!

மழைக்காலம் வந்தால் சில வீடுகளில் சுவரைத் தொட்டாலே சுருக்கென்று இருக்கும். கிரைண்டரைத் தொட்டால் லேசாக இழுக்கும். "எம்.சி.பி. போட்டிருக்கோம், ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிடுவோம். குமாரபாளையம் விசைத்தறிக்கூடமோ, நாமக்கல் கோழிப்பண்ணையோ, சேலத்து வீடோ, எல்லா இடத்திலும் இதே நம்பிக்கைதான். ஆனால் எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, மனிதரை அல்ல. ஏன் என்று தெரிந்துகொள்ள பள்ளியில் படித்த மின்சுற்றுப் பாடமே போதும்.

மின்சுற்று என்றால் என்ன?

கரண்ட் ஓட ஒரு முழு வட்டப்பாதை வேண்டும். டார்ச் லைட்டில் பேட்டரியின் ஒரு முனையில் கிளம்பும் மின்னோட்டம், பல்பு வழியாகப் போய் மறுமுனைக்குத் திரும்புகிறது. வட்டம் எங்கே அறுந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். சுவிட்ச் செய்கிற வேலை அந்த வட்டத்தை அறுப்பதும் சேர்ப்பதும்தான்.

வீட்டில் பேட்டரியின் இடத்தில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்மின் நிலையங்கள், பக்கத்திலேயே இருக்கும் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம் போன்றவை தரும் மின்சாரம் பெரிய லைன்களில் கலந்து, படிப்படியாக வோல்டேஜ் குறைந்து, இந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வருவது ஃபேஸ் வயர். திரும்பிப் போகும் வழி நியூட்ரல் வயர். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்று திசை மாறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் வட்டம் முழுமையாக இருக்க வேண்டும் என்ற விதி மாறாது.

வோல்ட், ஆம்பியர், ஓம்: எது என்ன?

மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு அழுத்தம், அது வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தால் வரும் தடை ஓம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ஜெர்மன் விஞ்ஞானி ஓம் 1827-ல் வெளியிட்ட விதி இதுதான்.

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 0.04 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

சீரியல் செட்டும் கோழிப்பண்ணையும்

கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். எல்லா பல்புக்கும் ஒரே பாதை என்பதால் இப்படி ஆகிறது. இது தொடர் இணைப்பு.

கோழிப்பண்ணையில் இது சரிப்படாது. முட்டைக்கோழிகளுக்குப் பகல் வெளிச்சத்தோடு சேர்த்து தினமும் சுமார் 16 மணி நேரம் வெளிச்சம் தர வேண்டும். ஒரு பல்பு போனதற்காக ஷெட் முழுக்க இருட்டானால் முட்டை உற்பத்தி பாதிக்கும். அதனால் ஒவ்வொரு பல்புக்கும் தனிப் பாதை தரும் பக்க இணைப்புதான் அங்கே. நம் வீட்டு வயரிங்கும் அதே மாதிரிதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பொருளாகச் சேரச் சேர, மெயின் வயரில் ஓடும் மொத்த ஆம்பியர் கூடும். வயர் சூடாகும், தீப்பிடிக்கவும் செய்யும். அதைத் தடுக்கத்தான் ஃபியூஸ், எம்.சி.பி. எல்லாம். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால், அதற்கு மேல் ஓட்டம் போனால்தான் இறங்கும்.

ஷாக் எப்படி அடிக்கிறது?

டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் மண்ணில் எர்த் செய்யப்பட்டிருக்கும். தரையில் நிற்கும் ஒருவர் ஃபேஸைத் தொட்டால், அவர் உடல், மண், டிரான்ஸ்ஃபார்மர் என்று வட்டம் முழுமையாகிவிடுகிறது. ஒரே கம்பியில் உட்காரும் காக்காவுக்கு இந்த வட்டம் இல்லை. அதனால் ஷாக் அடிப்பதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஈரமான உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி நீடித்தாலே உயிருக்கு ஆபத்து. ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 0.23 எம்மாத்திரம்? ஒரு சீலிங் ஃபேன் ஓடுவதாகவே அது எடுத்துக்கொள்ளும், இறங்காது.

அப்போ எது காப்பாற்றும்?

முதலில் எர்த் வயர். மூன்று பின் பிளக்கில் தடிமனாக, நீளமாக இருக்கும் பின் அதற்குத்தான். மோட்டார் பாடியில் கசியும் கரண்ட்டுக்கு அது எளிதான பாதை தருகிறது. "சாக்கெட்டுல நுழைய மாட்டேங்குது" என்று அந்தப் பின்னை எடுத்துவிட்டால், அடுத்த பாதை நீங்கள்தான்.

இரண்டாவது ஆர்.சி.டி. என்கிற உயிர் காக்கும் சாதனம். கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டாலும் கிடைக்கும். ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று இது கண்காணிக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையைத் துண்டிக்கும். தமிழ்நாட்டில் புதிய மின் இணைப்புகளுக்கு இது கட்டாயம்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று தொட்டால், போனது முழுதும் திரும்பி வருவதால் இதற்குத் தெரியாது. எனவே ஆர்.சி.டி. இருக்கிறது என்று வயரில் கை வைக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

* மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள்.

* மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சப்ளை கட் ஆகவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

* ஆர்.சி.டி. அடிக்கடி இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்யாமல், சாதனத்தைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்காதீர்கள்.

* துணி காயப்போடும் கம்பியை மின்கம்பத்திலோ, சர்வீஸ் வயரைத் தாங்கும் பைப்பிலோ கட்டாதீர்கள்.

* யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்கிவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

* கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

லேசான ஷாக் என்பது சின்ன விஷயம் இல்லை. கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடுகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. காலில் செருப்பு, காய்ந்த தரை என்பதால் இன்று லேசாக இழுத்தது, நாளை ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது உயிரையே எடுக்கலாம்.