பிடி அரிசியும் சம்பளக் காசும்: நெகிரி செம்பிலான் தோட்டக் கிறிஸ்தவரின் காணிக்கை மரபு

இன்றைய மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் காப்பிப் பயிர் பின்வாங்கி ரப்பர் பரவியபோது, சிலியாவ், ரந்தாவ், லாபு, பஹாவ் வட்டாரத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர்க்கெனக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில், தமிழர் பெருமளவில் குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்துக்களாக இருந்தபோதிலும், தமிழகத்திலிருந்து வந்த கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கன், லூத்தரன், மெதடிஸ்டு சபையினரும் சிறுபான்மையாக அவர்களோடு வாழ்ந்தனர். தம் ஆலயத்தைத் தாமே தாங்க வேண்டும் என்ற பழக்கமும் அவர்களுடன் கடல் கடந்தது.

அப்பழக்கம் வேளாண் சிற்றூர்களில் உருவானது. திருநெல்வேலிச் சீமைப் புராட்டஸ்டண்டு குடும்பங்களில் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பது பிடி அரிசி எனப்பட்டது. விளைச்சலையும் கோழி, ஆடு முதலியவற்றையும் ஆலயத்தில் படைத்து ஏலம் விட்டுப் பணமாக்குவது அறுப்பின் பண்டிகை எனப்பட்டது. இவ்வாறு சிறுகச் சேர்ந்த பொருளின் வலிமையை நம்பியே 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவரும், 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றவருமான வே. ச. அசரியா, ஏழைகளும் கொடுக்கக் கற்க வேண்டும் என்பதைத் தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் வலியுறுத்தியதோடு, கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலும் எழுதினார்.

தோட்டத்தில் வயலும் இல்லை, அறுவடையும் இல்லை. அரிசியே விலைக்கு வாங்கும் பொருளாயிற்று. ஆகவே காணிக்கையின் அளவுகோல் விளைச்சலிலிருந்து மாதச் சம்பளத்திற்கு மாறியது. 1920களின் இறுதியில் மலாயாவின் போக்குவரத்து வசதியுள்ள மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நியமக் கூலியாக இருந்தன. கணவனும் மனைவியும் மாதத்தில் 24 நாள் வேலை செய்திருந்தால் 21 வெள்ளி 60 காசு கிடைத்திருக்கும் (வெள்ளி என்பது மலாயா டாலர்). வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கெனப் பிரித்து வைக்கும் தசமபாகம் அதில் 2 வெள்ளி 16 காசாகும். 1930களின் தொடக்கத்தில், உலகப் பெருமந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்து கூலி 28 காசாகவும் 24 காசாகவும் குறைந்தபோது, அதே 24 நாள் உழைப்புக்கு 12 வெள்ளி 48 காசே கிட்டும்; தசமபாகமும் ஏறத்தாழ 1 வெள்ளி 25 காசாகச் சுருங்கும். உறுப்பினர் ஒவ்வொருவரும் குறித்த தொகையாகச் செலுத்தும் சந்தா கூலி குறைந்தாலும் குறையாது. வருமானத்தோடு ஏறி இறங்கும் பங்கு முறையோ ஏழையின் நிலைக்கு இசைந்தது.

எனினும், அந்தச் சிறு தொகைக்கும் போட்டிகள் பல இருந்தன. ஊருக்கு அனுப்பும் பணம், கடைக் கடன், கள்ளுக்கடைச் செலவு ஆகியவற்றோடு, பலர் மாதந்தோறும் சமமாகப் பணம் போட்டு முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் கூட்டும் இருந்தது. இப்போட்டிகளுக்கிடையே காணிக்கைக்கு இடம் ஒதுக்க உதவக்கூடிய போதனை திருச்சபை மரபில் இருந்தது. மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி, 1760இல் வெளியான பணத்தின் பயன்பாடு பற்றிய தம் பிரசங்கத்தில், நேர்மையாக ஈட்டுவதையும் சிக்கனமாகச் சேமிப்பதையும் தாராளமாகக் கொடுப்பதையும் ஒரே ஒழுக்கத்தின் மூன்று கூறுகளாக இணைத்திருந்தார். எஞ்சியதைக் கொடுப்பதை விடுத்து முதலிலேயே பிரித்து வைக்கும் முதற்பலன் கொள்கை, அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்திற்கு வரவு செலவுத் திட்டமாகவும் பயன்படக்கூடியது.

1950களில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றதன் விளைவாகத் தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அதை எதிர்கொள்ளவே மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். லயமும் தோட்டப் பள்ளியும் கம்பெனி நிலத்தில் நின்றவை. நிலம் கைமாறினால் அவற்றின் மீது தொழிலாளிக்கு உரிமை எதுவும் இல்லை. தோட்டக் கிறிஸ்தவர் சேர்ந்திருந்த நகரத்துச் சபையோ உறுப்பினரின் காணிக்கையால் வாழ்ந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவரும் அதன் உறுப்பினராகவே நீடிக்க முடிந்தது. மலேசியத் தமிழ்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை வயலின்றியே இன்றும் தொடர்கிறது. தோட்டத் தமிழரின் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் கூலி, கடன், கள்ளு ஆகியவற்றோடு இக்காணிக்கைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அத்தொழிலாளர் தம் பணத்தைத் தம் விருப்பப்படி ஆண்ட துறைகளுள் அதுவும் ஒன்று.