படத்தின் ஓரம்

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. கோயில்களுக்கு ஸ்தல புராணம் உண்டு. ஊர்க்குளத்துக்கு என்ன உண்டு? கரையில் நிற்கும் ஒரு ஆலமரமும், வயதானவர்களின் ஞாபகமும் உண்டு. மரம் விழுந்து, ஞாபகமும் மறைந்த பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு பழைய சர்வே படம்தான்.

நாஞ்சில் நாட்டைத் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று சொல்லுவார்கள். பழையாறும், அதன் கால்களும், கால்கள் நிரப்பிய குளங்களும் சேர்ந்து அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தன. இன்று அந்தக் குளங்களில் சில தூர்ந்துவிட்டன, சில வீட்டுமனைகளாகிவிட்டன. மறைந்துபோனதைத் தேட விரும்புகிறவர்கள் இப்போது ஒரு புது வழியைக் கையாளுகிறார்கள். பழைய படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் மெல்லிய திரைபோல விரித்துப் பார்க்கிறார்கள். இதற்கென்று கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் சாதாரணமாகச் செய்யக்கூடிய வேலைதான்.

ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ஸ்கேன் செய்த படம் கம்ப்யூட்டருக்கு வெறும் சித்திரம். அது நாஞ்சில் நாடா, முருகன் காலண்டரா என்று அதற்குத் தெரியாது. “இந்த மூலை வடக்கே இத்தனை பாகை, கிழக்கே இத்தனை பாகை” என்று நான்கு மூலைகளையும் நாம் சொல்லவேண்டும். நடுவிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் காட்டவேண்டும். காகிதம் மடங்கியிருக்கும், ஈரத்தில் நீண்டிருக்கும். அதையெல்லாம் நெய்த துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதுபோல மென்பொருள் இழுத்துச் சரிசெய்யும். நாம் சொன்னது பிசகினால் அதுவும் பிசகாகவே இழுக்கும். சிறு முனகல்கூட இராது.

இந்திய சர்வே இலாகாவின் படங்கள் கால் பாகைக்கு ஒன்றாக வெட்டப்பட்டவை. நாகர்கோவிலும் சுசீந்திரமும் 58 எச் / 8 என்ற தாளில் இருக்கின்றன. கன்னியாகுமரி 58 எச் / 12 என்ற அடுத்த தாளுக்குப் போய்விட்டது. இரண்டையும் ஒட்டவைக்க வேண்டுமானால், நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் ஓரங்களை வெட்டவேண்டும். ஆபத்து இங்கேதான். கத்தரிக்கோல் எடுக்குமுன் ஓரத்தைப் படிக்கவேண்டும். படத்தின் சரித்திரமெல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது.

முதலில், கிழக்கு மேற்குக் கணக்கு. பழைய இந்தியப் படங்களின் தீர்க்கரேகைகள் சென்னை வானாராய்ச்சி நிலையத்தை ஆதாரமாகக் கொண்டவை. அந்த நிலையம் கிழக்கே 80 பாகை 17 நிமிடம் 21 விநாடியில் இருப்பதாக ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். பிறகு திருத்தமாகக் கணித்தபோது 80 பாகை 14 நிமிடம் சொச்சம்தான் என்று தெரிந்தது. ஆதாரம் நகர்ந்ததும் தேசமே நகர்ந்தது! பழைய படங்களில் சுமார் இரண்டரை நிமிடம் கழித்துக்கொள்ளவேண்டும் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டார்கள். இரண்டரை நிமிடம் என்பது நம் பக்கத்தில் ஏறக்குறைய நான்கரைக் கிலோமீட்டர். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காதவர், சுசீந்திரம் தாணுமாலயனை நான்கரைக் கிலோமீட்டர் கிழக்கே குடியேற்றிவிடுவார்.

இரண்டாவது, பூமியின் அளவு. 1802-ஆம் வருஷம் ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைச் சுமந்துகொண்டு மலைமேலும் கோபுரத்தின்மேலும் ஏறி, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாட்டைப் பின்னினார். 1808-ல் தஞ்சைக் கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அந்தக் கருவி சேதமடைந்தது. அதைத் தாமே உட்கார்ந்து சீர்செய்தார். அவர் அளந்த நெடுங்கோட்டின் தென்கோடி எது தெரியுமா? குமரிமுனைக்குப் பக்கத்தில், வடக்கே 8 பாகை 9 நிமிடத்தில், புன்னை என்ற பெயரால் குறிக்கப்பட்ட நிலையம். லாம்டன் 1823-ல் காலமான பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த வேலையைத் தொடர்ந்து, 1830-ல் பூமியின் உருவத்துக்கு ஒரு கணக்கு வகுத்தார். உலகத்தின் அளவுக்கு நம் வாசற்படியும் ஒரு சாட்சி என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

எவரெஸ்ட் வகுத்த உருண்டை, இன்று செயற்கைக்கோள்கள் கொள்ளும் உருண்டையைவிட நடுக்கோட்டு ஆரத்தில் சுமார் 860 மீட்டர் சிறியது. இதைத் தவறென்று சொல்லுவது நியாயமல்ல. அது இந்தியாவின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இன்றையது உலகம் முழுவதற்கும் தைத்தது. ஆனால் ஒரு சட்டைக்குப் போட்ட பொத்தானை மற்றச் சட்டையில் மாட்டினால் கோணிக்கொள்ளும். ‘எவரெஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் நாஞ்சில் நாடு சில நூறு அடி விலகி நிற்கும். காட்டுக்கு அது பெரிய தூரமல்ல. குளத்துக்குப் பெரிய தூரம். “இதுதான் உங்க குளத்தங்கரை” என்று கல்லூரிப் பிள்ளை கம்ப்யூட்டரைக் காட்ட, “மக்களே, அது எங்க மச்சினன் தோப்புல்லா!” என்று பெரியவர் சிரித்துவிட்டால், படத்தின் சாட்சி அன்றோடு போயிற்று.

மூன்றாவது, அளந்த வருஷம். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினண்டுகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். அவர்கள் படத்தில் பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைத் தேடினால் கிடைக்குமா? அணையைக் கட்டியதே 1897 முதல் 1906 வரையில்தானே! 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முந்திய படமானால் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருக்கும். ஆகவே அன்றும் இன்றும் அசையாததைத்தான் ஆணியாக அடிக்கவேண்டும். உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை, பத்மநாபபுரம், பழைய கோயில்கள் எல்லாம் நல்ல ஆணிகள். மணக்குடிப் பொழிமுகம் ஆகாது. மணல் ஒரு மாசம் இருந்த இடத்தில் மறுமாசம் இராது. அங்கே இருந்த பாலத்தையே 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி அடித்துக்கொண்டு போய்விட்டது.

இவ்வளவும் செய்தாலும் படத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்காக வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர்க் கோடு தரையில் 25 மீட்டர். சென்ட் கணக்கில் வழக்காட அது உதவாது. அதற்கு வருவாய்த்துறையின் புலப்படம் வேண்டும். ஆனால் “இங்கே குளமே இருந்ததில்லை” என்று ஒருவர் துணிந்து சொல்லும்போது, “இருந்தது, இந்த வருஷத்தில் அளந்திருக்கிறார்கள்” என்று எடுத்துக்காட்ட அது போதும். ஏரி, குளங்களைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் சட்டமே வந்தது. சட்டத்துக்கும் சாட்சி வேண்டுமல்லவா?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெகுகாலம் கடற்கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டருக்குட்பட்ட படங்களைச் சாமானியருக்கு விற்க மாட்டார்கள். நம் ஜில்லா முழுவதுமே அந்த வளையத்துக்குள் அடக்கம். எந்த மண்ணில் ஏர் பூட்டினானோ அந்த மண்ணின் படம் விவசாயிக்குக் கிடையாது! 2005-ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசையை ஏற்படுத்தியது. 2021-ல் கட்டுப்பாடுகள் இன்னும் தளர்ந்தன. பூட்டியிருந்த அறை திறந்தாயிற்று. உள்ளே போகிறவர்கள் நிதானமாகப் போனால் நல்லது.

வெயிலில் சங்கிலி பிடித்தவர்களும் காட்டுக் காய்ச்சலில் மடிந்தவர்களும் ஓரத்தில் நாலு வரி எழுதவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். படத்தை ஒட்டும் அவசரத்தில் அந்த நாலு வரியை வெட்டி எறிகிறவன், சாட்சியின் நாக்கை அறுத்துவிட்டு அதைக் கூண்டில் ஏற்றுகிறான். முழுத் தாளையும் ஓரத்தோடு ஸ்கேன் செய்து ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எத்தனை பிரதியை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம்.