மூன்று நிமிட தைசோ

ஜப்பானியர்கள் ‘ரஜியோ தைசோ’ என்று சொல்வது, வானொலியில் வரும் பியானோ இசைக்கும் அறிவிப்பாளரின் குரலுக்கும் ஏற்ப நின்ற இடத்திலேயே செய்யும் உடற்பயிற்சியை. 1928 நவம்பர் 1 அன்று காலை 7 மணிக்கு டோக்கியோ வானொலியில் அது முதன்முதலாக ஒலித்தது. சக்கரவர்த்தி ஹிரோஹிதோவின் முடிசூட்டு விழாவையொட்டித் தொடங்கப்பட்டது என்றாலும் அதைத் திட்டமிட்டது அரண்மனை அல்ல; மருத்துவர்களோ விளையாட்டு வீரர்களோகூட அல்ல. தபால்துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு.

தபால்துறைக்கு இதில் என்ன அக்கறை? 1916இல் ஜப்பானிய அரசு சாமானியர்களுக்கென்று தபால் நிலையங்கள் வழியே சிறிய தொகைக்கான ஆயுள் காப்பீட்டைத் தொடங்கியது. பிரீமியம் குறைவு, மருத்துவப் பரிசோதனையும் கிடையாது. அதனால் ஏழை எளியவர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். ஆனால் 1920களின் முற்பகுதியில் அந்த நாட்டின் சராசரி ஆயுள் ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 43 வயதுதான். காசநோய் இளைஞர்களை வாரிக்கொண்டு போனது. உடல்நிலையைப் பார்க்காமல் பாலிசி கொடுத்துவிட்ட நிறுவனத்துக்கு, பாலிசிதாரர் இன்னும் சில ஆண்டுகள் உயிரோடிருந்து பிரீமியம் கட்டினால் லாபம். மக்கள் நலனும் கணக்குப் புத்தகமும் ஒரே திசையில் இழுத்த அபூர்வமான தருணம் அது.

யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் 1925இல் தன் கோபுரக் கட்டடத்திலிருந்து காலை உடற்பயிற்சியை ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. அமெரிக்கா சென்றுவந்த ஜப்பானியத் தபால்துறை அதிகாரிகள் இதை ஊரில் எடுத்துச் சொன்னார்கள். அமெரிக்க நிகழ்ச்சி பின்னர் மறைந்துபோனது. ஜப்பானில் மட்டும் அது வேரூன்றியதற்குக் காரணம், அங்கே வானொலியோடு வேறு பலவும் வந்து சேர்ந்துகொண்டதுதான்.

முதலாவது, தபால்காரர். காதால் கேட்டுக் கையைத் தூக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகப் படவிளக்கத் தாள்கள் அச்சிடப்பட்டன. தபால் ஊழியர்கள் பயிற்சியைத் தாங்கள் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் பரப்பினார்கள். இரண்டாவது, மாறாத ஒரு குரல். ராணுவ இசைக்குழுவில் இருந்துவிட்டு அறிவிப்பாளரான எகி ரிஇச்சி, நாட்டு மக்களுக்கெல்லாம் காலை வணக்கம் சொல்லிவிட்டுத் தானும் ஒலிவாங்கியின் முன் பயிற்சி செய்தபடியே பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நிகழ்ச்சியை நடத்தினார். சக்கரவர்த்தியும் இதைக் கேட்டுப் பயிற்சி செய்கிறார் என்று தெரிந்த பிறகு எகி விழாக்கால கோட்டு அணிந்துகொண்டே ஸ்டூடியோவில் நின்றார் என்று சொல்வார்கள். கேட்பவர்களுக்கு அந்தக் கோட்டு தெரியப்போவதில்லை; இருந்தாலும் அப்படி.

மூன்றாவது, அக்கம்பக்கம். அன்று எல்லா வீட்டிலும் வானொலிப் பெட்டி இல்லை. பள்ளி மைதானம், கோயில் வளாகம் என்று பெட்டி இருக்கும் இடத்தில் ஆட்கள் கூட வேண்டியிருந்தது. 1930 கோடை விடுமுறையில் டோக்கியோவின் கந்தா பகுதியில் ஒரு போலீஸ்காரர் தெருப் பிள்ளைகளை அதிகாலையில் எழுப்பித் திரட்டி வந்து வானொலிக்கு முன் பயிற்சி செய்யவைத்தார். வானொலிப் பயிற்சிக் கூட்டம் பிறந்த இடம் இதுதான் என்று அங்குள்ள சகுமா பூங்காவில் இன்றும் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஓரிரு ஆண்டுகளில் இந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. கூடவே வருகை அட்டையும் வந்தது. நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டை. அதில் நாளுக்கு ஒரு கட்டம். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்க, பெரியவர் ஒருவர் அன்றைய கட்டத்தில் முத்திரை குத்துவார். விடுமுறை முடிவில் கட்டங்கள் நிறைந்திருந்தால் பென்சிலோ நோட்டுப் புத்தகமோ தின்பண்டமோ கிடைக்கும்.

தூக்கம் கலையாத பிள்ளையிடம் ஆரோக்கியத்தின் மேன்மையைப் பேசி எதுவும் நடக்காது. நேரத்தை வானொலி முடிவு செய்தது, இடத்தைத் தெரு முடிவு செய்தது, வராமல் போனால் கட்டம் காலியாகக் கிடந்தது. சபதமும் மன உறுதியும் பெரிதாகத் தேவைப்படாத ஏற்பாடு இது. ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட நினைப்பவரும் நின்று யோசிப்பதற்குள் இசை தொடங்கிவிடும்.

பயிற்சியும் அதற்கேற்ப எளிதானதுதான். இன்று வழக்கிலுள்ள முதல் பயிற்சியில் 13 அசைவுகள். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கைகளை முன்புறமாக உயர்த்திப் பக்கவாட்டில் இறக்குவதில் தொடங்கி, கைவீச்சு, மார்பை விரித்தல், பக்கவாட்டில் வளைதல், முன்னும் பின்னும் குனிந்து நிமிர்தல், இடுப்பைத் திருப்புதல் என்று படிப்படியாகக் கடினமாகும். இறுதிக் கட்டத்தில் இரு காலாலும் துள்ளல். பிறகு வேகம் தணிந்து ஆழ்ந்த மூச்சில் முடியும். தரையில் படுக்க வேண்டாம், கருவி வேண்டாம், உடை மாற்றவும் வேண்டாம்.

ஆனால் ஆட்களைத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்திவைக்கத் தெரிந்த ஏற்பாட்டை ஓர் அரசு சும்மா விட்டுவைக்காது. 1930களில் போர்ச் சூழல் முற்றியபோது தைசோ நாட்டுப்பற்றின் அடையாளமாக்கப்பட்டது. கொரியா, தைவான் போன்ற குடியேற்றங்களிலும் அது புகுத்தப்பட்டது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியிலிருந்த மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிப் பிள்ளைகளைத் தைசோவுக்கு நிறுத்தினார்கள். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அது பழக்கமானது அப்படித்தான். சுகத்துக்கென்று வந்த பழக்கம் அவர்களுக்கு ஆக்கிரமிப்பாளனின் கட்டளையாகவே அறிமுகமானது.

போர் முடிந்தபின் ஜப்பானை ஆண்ட நேசநாட்டு நிர்வாகத்துக்கு, ஒரே குரலுக்கு நாடு முழுவதும் கைதூக்கும் காட்சி ராணுவக் கவாத்தை நினைவூட்டியது. 1946இல் புதிய பயிற்சிகள் அமைத்துப் பார்த்தும் அவை நிலைக்கவில்லை. 1947இல் ஒலிபரப்பு நின்றது. மீண்டும் வந்தது 1951 மே மாதத்தில். இம்முறை விறைப்பான கட்டளை ஒலியைக் குறைத்து, யாரும் எங்கும் செய்யத்தக்கதாக அதை வடிவமைத்தார்கள். ஹத்தோரி தாதாஷி இசையமைத்தார். அந்தப் பியானோ மெட்டுதான் இன்றும் ஒலிக்கிறது. வேலை செய்யும் வயதினருக்காகச் சற்று வேகமான இரண்டாம் பயிற்சி 1952இல் வந்தது.

மறுபிறவியில் தைசோவைத் தாங்கிப் பிடித்தவை தொழிற்சாலைகளும் கட்டுமானத் தளங்களும். ஷிப்டு தொடங்குமுன் தொழிலாளர்கள் ஹெல்மெட்டோடு வரிசையில் நின்று கைகால்களை உதறிவிட்டு, அன்றைய வேலையில் எங்கெங்கே ஆபத்து என்று பேசிவிட்டுத்தான் வேலையில் இறங்குவார்கள். சுஸூகியோடு சேர்ந்து தொடங்கிய மாருதி, குர்காவ் ஆலையில் ஷிப்டுக்கு முன் உடற்பயிற்சி என்ற இந்த வழக்கத்தை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. சீனாவும் 1951இல் தனக்கென ஒரு வானொலிப் பயிற்சியை உருவாக்கிப் பள்ளிகளிலும் ஆலைகளிலும் பரப்பியது.

ஜப்பானில் இப்போது காலை 6.30 மணிக்கு என்.எச்.கே. வானொலியில் தைசோ வருகிறது. பூங்காக்களில் அதற்குக் கூடுபவர்களில் முதியவர்களே அதிகம். பிள்ளைகளின் விடுமுறைக் கூட்டங்கள் பல ஊர்களில் சுருங்கிவிட்டன. முன்பு விடுமுறை முழுக்க நடந்தவை இப்போது ஒரு வாரம், பத்து நாளில் முடிகின்றன. சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பக்கத்து வீட்டார் புகார் சொல்வதும் உண்டு. 1999இல், முதியவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் மனத்தில் கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய மற்றொரு பயிற்சியும் சேர்க்கப்பட்டது.