சேற்றுவெளியில் ஒரு பெரட்டு

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெரட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார். வராதவர் பெயருக்கு நேரேயும் ஒரு குறி விழும். இன்று நான் சொல்லவிருப்பதும் ஒரு பெரட்டின் வரலாறுதான். இதில் நிற்பவை பறவைகள். எண்ணுகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

இவ்வழக்கம் வட அமெரிக்காவில் தோன்றியது. அங்கே கிறிஸ்துமஸ் நாளில் இரு கட்சியாகப் பிரிந்து, யார் அதிகம் சுட்டு வீழ்த்துவது என்று போட்டி போடுவதுண்டு. 1900ஆம் ஆண்டில் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலறிஞர், சுடுவதை விட்டு எண்ணலாமே என்றார். அந்தக் கிறிஸ்துமஸன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். நீர்ப்பறவைகளுக்கான அனைத்துலகக் கணக்கெடுப்பு 1967இல் வந்தது. அதன் ஆசியப் பிரிவு 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி, விரைவில் நம் நாட்டிற்கும் பரவியது. இங்கே அதனை ஒருங்கிணைப்பது, 1940இல் தோன்றிய இயற்கைக் கழகம்.

குளிர்காலக் கணக்கெடுப்பு என்கிறார்களே, கிள்ளானில் ஏது குளிர்காலம் என்று நீங்கள் சிரிக்கலாம். குளிர் இங்கில்லை, பறவைகள் புறப்பட்டு வந்த சைபீரியாவில் இருக்கிறது. அங்கே கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, சீன, கொரியக் கடற்கரைகளில் இரைதேடி இளைப்பாறி, நம் கரைக்கு வருகின்றன. ஜனவரியில் அவை ஓரிடத்தில் தங்கியிருக்கும். எண்ணுவதற்கு அதுவே தக்க காலம்.

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் வரை, பாக்காவ் மரக்காட்டிற்கு அப்பால் சேற்றுவெளி பரந்து கிடக்கிறது. நீர் வற்றும்போது பறவைகள் அதில் சிதறிப் புழுவும் நண்டும் தேடும். அப்போது எண்ண முடியாது. கடல் ஏறும்போது சேறு மூழ்கிவிடும். அவை உயரமான இடம் தேடிக் கூட்டமாக வந்து அமரும். ஆகவே தொண்டர்கள் முதலில் பார்ப்பது கடலேற்ற அட்டவணையை. காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் இப்படி ஆயிரக்கணக்கில் கூடுவதுண்டு. நிலக்கரிச் சாம்பலுக்கு வெட்டிய குளம் சைபீரியப் பறவைக்குச் சத்திரமானது வேடிக்கைதான்!

ஆயிரம் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. முதலில் நூற்றை எண்ணி, அந்த நூறு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொண்டு, அதே அளவால் கூட்டத்தை அளந்து செல்வார்கள். பழகப் பழகக் கை வரும்.

இதனால் என்ன பயன்? 2006இல் தென்கொரியா, சேமங்கும் என்னுமிடத்தில் 33 கிலோமீட்டர் நீளத்திற்குக் கடலை அணையிட்டு அடைத்தது. பெரிய உள்ளான் கூட்டங்கள் இரைதேடி வந்த பெரும் சேற்றுவெளி அது. சேறு போயிற்று, பறவைகளும் போயின. வேறு கரைக்குப் போய்விட்டனவா, மடிந்தனவா? பல நாடுகளில் ஆண்டுதோறும் எழுதி வைத்த ஏடுகள் இருந்ததால்தான், வேறிடத்தில் அவை கூடவில்லை என்று தெரிந்தது. 2015இல் அவ்வினம் அழிவுக்குள்ளாகும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே பறவைதான் நம் சிலாங்கூர்க் கரைக்கும் வருகிறது.

எனவே கணக்கெடுப்புத் தாளில் ஒரு விதியுண்டு. ஓரிடத்திற்குப் போய்ப் பறவை ஒன்றுமே காணாமல் திரும்பினாலும், தேதியிட்டுச் சுழியம் என்று எழுதி அனுப்ப வேண்டும்.