பாய்மர உச்சியில் ஒரு பிடி தூசி

நடுக்கடலில் தூசி ஏது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் 1832-ஆம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி பீகிள் கப்பல் கேப் வெர்டே தீவுகளில் போர்ட்டோ பிரயா துறைமுகத்தை அடைந்தபோது, ஆகாயமே மங்கிக் கிடந்தது. மிக மெல்லிய தூள் ஒன்று உதிர்ந்து கப்பலின் வானசாஸ்திரக் கருவிகளைக்கூடச் சற்றுக் கெடுத்துவிட்டது. பாய்மர உச்சியிலிருந்த காற்றாடியின் வலைத்துணியில் தங்கிய பழுப்புத் தூளை 22 வயது டார்வின் பொட்டலமாகக் கட்டிக்கொண்டார். நாமாயிருந்தால் தட்டிவிட்டுப் போயிருப்போம்!

பின்னர் அதுவும், நண்பர் லையல் கொடுத்த வேறு நான்கு பொட்டலங்களும் ஜெர்மன் பேராசிரியர் ஏரன்பெர்க்கிடம் போய்ச் சேர்ந்தன. அவர் மைக்ராஸ்கோப்பில் 67 வகை உயிர்ச் சின்னங்களைக் கண்டார். நுண்ணுயிர்களில் கடலைச் சேர்ந்தவை இரண்டே இனங்கள். மற்றவை யாவும் நன்னீரில் வாழ்பவை. ஆகவே தூசி கடல் பெற்றதல்ல, நிலம் பெற்றது.

எந்த நிலம்? அங்கேதான் வம்பு வந்தது. ஏரன்பெர்க் அறிந்திருந்த, ஆப்பிரிக்காவுக்கே உரிய இனங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. தென் அமெரிக்காவில் மட்டுமே அவர் கண்டிருந்த இரண்டு இனங்களோ இருந்தன! டார்வின் காற்றைச் சாட்சிக்கு அழைத்தார். தூசி விழும் மாதங்களில் ஹர்மட்டான் காற்று ஆப்பிரிக்காவிலிருந்தல்லவா வீசுகிறது? 1846-ல் இதை விவரமாக எழுதியும் வெளியிட்டார்.

இன்று ரசாயனத்தைக் கேட்கிறார்கள்: சோடியம் மிகுந்தால் கடலுப்பு, அலுமினியம் மிகுந்தால் மண். ஏரன்பெர்க் சேர்த்துவைத்த பழைய தூசிகளை ஆராய்ந்தவர்கள், பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்கச் சகாராவிலிருந்து வந்ததே என்று 2007-ல் அறிவித்தார்கள். அத்துடன் இன்னொன்றும் கண்டார்கள். அந்தத் தூசியில் அத்தனை காலமும் உறங்கிய சில நுண்ணுயிர்கள் இன்னும் சாகவில்லை. ஆகாரம் கிடைத்ததும் வளர்ந்தன.