அன்றாட வேலையே மருந்தான வரலாறு

சுங்கை பினாங் ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால், ஜெலுத்தோங், குளுகோர் தாண்டி, பினாங்குப் பாலத்திற்கு அப்பால் காடு மூடிய ஒரு தீவு தெரியும். அதுதான் ஜெரெஜாக் தீவு. இன்றைய இளையோர் பலருக்கு அது பழைய சிறைத்தீவு என்ற அளவில் மட்டுமே தெரியும். 1969 முதல் 1993 வரை அங்கே சிறை இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவு மனிதர்களை ஒதுக்கி வைக்கும் இடமாகிவிட்டது. 1870-களின் தொடக்கத்தில் அங்கே தொழுநோயாளிகளுக்கான காப்பகம் திறக்கப்பட்டது. 1875-இல் தொற்றுத்தடுப்பு முகாம் வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர்களில் பலர், பினாங்கு மண்ணை மிதிப்பதற்கு முன்னால் மிதித்தது இந்தத் தீவின் மணலைத்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காசநோயாளிகளும் இங்கே தங்கவைக்கப்பட்டனர்.

தொற்றுநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நோயாளியை ஊரைவிட்டு விலக்குவதே மருத்துவம் அறிந்த வழி. சோறும் கூரையும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று அரசாங்கங்கள் நினைத்தன. காலையில் எழுந்த ஒரு மனிதன் இரவு வரை என்ன செய்வான் என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் வரலாறுதான் இது.

'தொழில்' என்றால் என்ன?

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் துறையைத் தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்கிறார்கள். நம் அரசாங்க மருத்துவமனைகளில் 'சாரா கெர்ஜா' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதுதான். பெயரைக் கேட்டதும் ஒரு குழப்பம் வருகிறது. வேலைக்கே போகாத பாட்டிக்கு எதற்குத் தொழில் சிகிச்சை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு.

தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைத்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். தொழிற்பெயர் என்று ஆசிரியர் எதைச் சொல்லிக் கொடுத்தார்? நடத்தல், உண்ணல், குளித்தல், கோலமிடல். ஒரு செயலின் பெயர்தான் தொழிற்பெயர். சம்பளத்திற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த மருத்துவம் சொல்லும் 'தொழில்' அதே பொருளில்தான் வருகிறது. சட்டைப் பொத்தானைப் போடுவது, பேரனுக்குத் தலை வாரிவிடுவது, சாமிக்கு விளக்கேற்றுவது எல்லாம் அதில் அடக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு துறைக்கு நம் இலக்கணம் ஏற்கெனவே இடம் வைத்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

துறையாக இது உருவானது அமெரிக்காவில். ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர் காசநோயாலும் பின்னர் பக்கவாதத்தாலும் முடங்கிப்போனவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். 1917 மார்ச் மாதம் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், அவர் வீட்டில் ஒரு சிலர் கூடித் தொடங்கிய சங்கமே இத்துறையின் பிறப்பாகக் கொள்ளப்படுகிறது. அதே ஆண்டில் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்கள் இதன் தேவையை உலகுக்கு உணர்த்தினார்கள்.

ஆசியாவின் முதல் பயிற்சிப் பள்ளியை 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியரை மணந்து, இந்தியப் பெயர் சூட்டிக்கொண்டவர்.

சுங்கை பூலோவின் இரு முகங்கள்

நம் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர் டாக்டர் டிராவர்ஸ். கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருந்த பழைய தொழுநோய் முகாமின் அவலத்தைக் கண்டு, நோயாளிகளுக்குச் சிறைபோன்ற இடம் வேண்டாம், ஊர்போன்ற இடம் வேண்டும் என்று வாதாடியவர்களில் முதன்மையானவர் இவர். அதன் விளைவாக 1930-இல் திறக்கப்பட்டதுதான் சுங்கை பூலோ குடியிருப்பு. 500 ஏக்கருக்கும் மேற்பட்ட பள்ளத்தாக்கில் சிறுசிறு வீடுகள், காய்கறித் தோட்டம், பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் அமைந்தன. ஜெரெஜாக்கிலிருந்தும் நோயாளிகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர்.

நோயாளிகளே அங்கு ஆசிரியர்கள், எழுத்தர்கள், முடிதிருத்துநர்கள், மருத்துவ உதவியாளர்கள். மண்ணைக் கிளறத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் பூச்செடி, பழமரக் கன்று விற்கும் நாற்றங்கால்களை நடத்தினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு கட்டியவர்களில் பலர் முற்றத்துச் செடியை அங்கேதான் வாங்கியிருப்பார்கள்.

இது ஒரு முகம். இன்னொரு முகத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அந்தக் குடியிருப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் தனி நாணயம் இருந்தது. உள்ளேயே சிறையும் இருந்தது. நோயாளிகளின் குறைந்த கூலி உழைப்பில்தான் நிர்வாகமே ஓடியது. எல்லாவற்றையும்விடக் கொடியது, அங்கே பிறந்த குழந்தைகள் தொற்றுக்குப் பயந்து பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வெளியே வளர்க்கப்பட்டது. பிள்ளைக்குச் சோறூட்டுவதும் தாலாட்டுவதும் ஒரு தாயின் அன்றாடச் செயல் அல்லவா? தோட்டத்தில் மண்வெட்டியைக் கொடுத்த அதே நிர்வாகம் தொட்டிலைப் பறித்துக்கொண்டது. எல்லா வேலையும் மருந்தாகிவிடாது. யார் தேர்ந்தெடுத்த வேலை, யாருக்காகச் செய்யும் வேலை என்பதைப் பொறுத்துத்தான் அது மருந்தா, தண்டனையா என்பது முடிவாகிறது. பால்மரம் வெட்டியே முதுகு ஒடிந்த தோட்டப்புறச் சமூகத்திற்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

சுங்கை பூலோவில் பாதி விளங்கிய பாடம் முழுமையாக விளங்கியது தமிழ்நாட்டில், வேலூரில். அதற்குக் காரணமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் ஆங்கிலேயச் சமயத்தொண்டர்களின் மகனாகப் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் படிப்பதற்கு முன்னால் சில ஆண்டுகள் தச்சும் கட்டுமானமும் கற்றவர். அந்தத் தச்சுப் பயிற்சி பின்னால் எவ்வளவு பயன்பட்டது என்பதுதான் வேடிக்கை.

1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பிராண்ட், அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்த கைகளை அங்கே வரிசையாகக் கண்டார். ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பிடிக்கச் சொன்னார். பிடித்த பிடியில் மருத்துவருக்கே வலி பொறுக்கவில்லை! செத்துப்போன கை என்று ஊர் ஒதுக்கிய கையில் அத்தனை வலு இருந்தது. முழங்கை அருகே ஓடும் நரம்பு பழுதானதால் உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. நல்ல தசையின் நாண் ஒன்றை எடுத்து விரல்களுக்குத் திருப்பிவிட்டால் விரல் நிமிரும் என்று கணித்தார். 1940-களின் கடைசியில் அந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. விரல்கள் நிமிர்ந்தன.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. கை சரியாகி வெளியே போன ஓர் இளைஞர், சில காலத்தில் பட்டினியால் மெலிந்து திரும்பி வந்தார். மடங்கிய விரல்களைப் பார்த்துப் பிச்சை போட்டவர்கள் நிமிர்ந்த விரல்களுக்குப் போடவில்லை. நோயின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததால் வேலையும் யாரும் கொடுக்கவில்லை. கையைக் கொடுத்த மருத்துவம், அந்தக் கையால் செய்ய ஒன்றையும் கொடுக்கவில்லை என்பது பிராண்டுக்கு உறைத்தது.

1951-இல் கல்லூரி வளாகத்திலேயே சில மண் குடிசைகளோடு 'நவஜீவ நிலையம்' எழுந்தது. அங்கே ஒரு தச்சுப் பட்டறை. மரப்பொம்மை செய்யப் பிராண்டே கற்றுக்கொடுத்தார். உளி பிடிப்பதும் மரத்தைத் தேய்ப்பதும் புதிதாக இடம் மாறிய தசைக்குப் பயிற்சியாகவும் ஆயிற்று. பிழைப்புக்கு ஒரு வழியாகவும் ஆயிற்று.

ஆனால் பட்டறையில் கைகள் மறுபடியும் புண்ணாயின. ஏன்? அதுவரை தொழுநோய் சதையை அழுகச் செய்து விரலைத் தின்றுவிடும் என்றே மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்தையும், அது எப்படி வந்தது என்று துருவித் துருவி விசாரித்தார். ஒருமுறை துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைச் சட்டென்று திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்குச் சதை கிழிந்திருந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. இரவில் விரல் காணாமல் போவது ஏன் என்று காவல் இருந்து பார்த்தபோது, தூங்குபவர்களின் மரத்துப்போன விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. மருத்துவ வரலாற்றில் பூனையும் மருந்துச்சீட்டில் இடம்பெற்றது அங்கேதான் போலும்!

நோய் நரம்பைக் கெடுக்கிறது; வலி போய்விடுகிறது; வலி இல்லாத கை அன்றாட வேலையில் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இதுவே அவர் கண்ட உண்மை. அப்படியானால் வேலையை நிறுத்துவதா? இல்லை, வேலையைச் செய்யும் விதத்தை மாற்றினால் போதும். சுத்தியலுக்கும் மண்வெட்டிக்கும் கைப்பிடி தடிமனாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவும். சூடான பாத்திரத்தைத் துணியோ மரப்பிடியோ இல்லாமல் தொடக்கூடாது. தினமும் வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும். உணர்வு செய்த வேலையை இனிக் கண் செய்யும்.

இதே வேலூரில் இன்னொரு சம்பவம். 1954-இல் நடந்த வாகன விபத்தில் இளம் மருத்துவர் மேரி வர்கீஸின் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சையைப் பழகலாம் என்று பிராண்ட் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளை நிமிர்த்தினார் மேரி வர்கீஸ். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் அவர் முயற்சியால் உருவான மறுவாழ்வு நிலையம், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் மறுபடி தாமே குளித்து, உடுத்தி, சமைத்து, சம்பாதிக்கப் பயிற்சி கொடுத்தது.

இனிப்புநீர்க் காலத்தில்

தொழுநோய்க்கு இன்று மருந்து இருக்கிறது. 1980-களில் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சை அதை முழுமையாகக் குணப்படுத்துகிறது. 2007-இல் சுங்கை பூலோ குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு அங்கே பல்கலைக்கழக வளாகம் எழுந்தது. அப்படியானால் வேலூர்ப் பாடம் பழங்கதையா?

இல்லை. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், நீரிழிவு நோயாளிகளின் பாதங்களிலும் அதே புண்களைக் கண்டார். அங்கேயும் காரணம் உணர்வற்றுப்போன நரம்புதான். தொழுநோயாளிகளின் பாதத்திற்குக் கண்டறிந்த மாவுக்கட்டு முறையும் மெத்தென்ற சப்பாத்தும் நீரிழிவுக்காரர்களின் கால்களைக் காப்பாற்ற உதவின. 2003-இல் அவர் மறைந்தார்.

சுகாதார அமைச்சின் 2023 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் அதிகம் பாதிக்கப்பட்டவர்களாகக் காணப்படுவது இந்தியர்கள்தான். சுங்கை பினாங் அடுக்குமாடிகளில் நம்மவர் வீடுகளை எண்ணினால், இனிப்புநீர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், "நீங்க உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கறோம்" என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். அது பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் கோப்பி கலக்குவதையும் பத்திரிகை புரட்டுவதையும் விட்ட கை, மெல்ல மெல்ல மற்றதையும் விட்டுவிடுகிறது. தொழில்வழிச் சிகிச்சையாளர் வீட்டாரிடம் முதலில் கேட்பது, நோய் வருமுன் இவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது என்பதைத்தான். 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டம் (சட்டம் 774) இவர்களையும் பதிவு பெற வேண்டிய நிபுணர்களாக அங்கீகரித்திருக்கிறது. பினாங்கு பொது மருத்துவமனையிலேயே இவர்களுக்குப் பிரிவு உண்டு. அனுப்பிவைக்கும்படி மருத்துவரிடம் கேட்பதற்குத்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள்.

தைப்பூசத்தையொட்டி இரத ஊர்வலத்தின் பின்னால் தண்ணீர்மலை வரை வெறுங்காலோடு நடப்பது பினாங்குத் தமிழருக்கு உயிரான வழக்கம். நரம்பு மரத்துப்போன இனிப்புநீர்க்காரருக்கு உச்சி வெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் கொப்புளம் தெரியும். பார்க்காவிட்டால் ஒரு வாரத்தில் நாற்றம் தெரியும். போகவே வேண்டாம் என்று தடுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கச் சொல்வதும் சரியல்ல. வேலூர்ப் பட்டறையில் செய்ததுபோல் செய்யும் விதத்தை மாற்றலாம். வெயில் ஏறுமுன் நடக்கலாம். மெத்தென்ற சிலிப்பரைப் போட்டுக்கொண்டு போய், கோயில் வாசலில் கழற்றலாம். வீடு திரும்பியதும் விளக்கைப் போட்டு, இரண்டு பாதங்களின் அடியையும் பேரப்பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லலாம்.