அழைக்காமல் வந்த விருந்தாளி

மாட்டைக் கயிற்றில் கட்டினான் மனிதன். குதிரைக்குக் கடிவாளம் மாட்டினான். ஆட்டைப் பட்டியில் அடைத்தான். பூனையை மட்டும் அவன் தேடிப்போய்ப் பிடித்து வந்ததாகத் தெரியவில்லை. அது தானாகவே வந்தது. வந்த பிறகும், "நீ சொன்னதற்காக நான் இங்கே இருப்பதாக நினைத்துக் கொள்ளாதே" என்ற பாவனையோடுதான் இன்றுவரை நம் வீடுகளில் வளைய வருகிறது.

அது வந்த கதை சுவாரஸ்யமானது. சுமார் 10,000 வருஷங்களுக்கு முன்பு மேற்கு ஆசியாவில் மனிதன் பயிரிடக் கற்றான். அறுத்த தானியத்தைச் சேர்த்து வைத்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடி அந்தப் பிரதேசத்துக் காட்டுப்பூனை வந்தது. உலகத்தின் பல பாகங்களிலுள்ள பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த விஞ்ஞானிகள், வீட்டுப் பூனைகள் எல்லாம் அந்த ஒரு வகைக் காட்டுப்பூனையின் வம்சமே என்று 2007இல் தெரிவித்தார்கள். மனிதனையும் பூனையையும் சேர்த்து வைத்த தரகர் எலியார்தான் என்று சொன்னால் தவறில்லை.

ஆனால் எலிக்காக மட்டும் ஏற்பட்ட உறவென்றால் அது களஞ்சியத்து வாசலோடு நின்றிருக்கும். நிற்கவில்லை என்பதற்கு சைப்ரஸ் தீவில் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அங்கே 9,500 வருஷத்துக்கு முந்திய மனிதச் சமாதி ஒன்றிலிருந்து ஒரு முழத்துக்குள் ஒரு பூனையையும் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஃபிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2004இல் இதை வெளியிட்டார்கள். பூனைக்கு வயது எட்டு மாதம் இருக்கும். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை இனமே கிடையாது. ஆகவே அதையோ அதன் முன்னோரையோ யாரோ படகில் கொண்டு போயிருக்கிறார்கள். வளர்ந்த காட்டுப்பூனையைப் படகில் ஏற்றியவன் முழு முகத்தோடு கரை சேர்ந்திருக்க மாட்டான். குட்டியாகத்தான் எடுத்துப் போயிருக்க வேண்டும் என்பது கதை எழுதுகிறவனின் ஊகம். அலையைக் கண்டு மிரண்ட குட்டியை மடியில் அணைத்துக் கொண்டவள் ஒரு பெண்ணாக இருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பூனையைத் தெய்வமாக்கியவர்கள் எகிப்தியர்கள். வீட்டில் பூனை இறந்தால் அந்த வீட்டார் புருவத்தைச் சிரைத்துக் கொண்டு துக்கம் காத்தார்கள் என்று கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். டயோடோரஸ் என்ற இன்னொருவர் தம் கண்ணாலேயே கண்டதைச் சொல்கிறார். கைதவறி ஒரு பூனையைக் கொன்றுவிட்ட ரோமானியனை ஜனங்கள் சும்மா விடவில்லை. அரசனே ஆளனுப்பிக் கெஞ்சியும், ரோமாபுரியின் கோபத்துக்கு நாடே நடுங்கிய அந்த நாளிலும், அவன் உயிர் தப்பவில்லை.

இதைப் படித்துப் பூரித்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பக்தர்கள் கோயிலுக்குக் காணிக்கையாகச் செலுத்துவதற்காக லட்சக்கணக்கான பூனைகளைப் பாடம் செய்து துணி சுற்றி வைத்தார்கள். லண்டன் மியூசியத்திலுள்ள அப்படிப்பட்ட 50க்கு மேற்பட்ட உடல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த முடிவு 1981இல் வெளிவந்தது. அநேகம் குட்டிகள், சில மாதங்கள்கூட நிரம்பாதவையும் அவற்றில் உண்டு. பலவற்றின் கழுத்து முறிக்கப்பட்டிருந்தது. கைதவறிக் கொன்றவனுக்கு மரணம். கணக்குப் பார்த்துக் கொன்றவனுக்குக் காணிக்கை! 1890இல் அந்த உடல்களில் சுமார் 19 டன் கப்பலேறி லிவர்பூல் வந்து, வயலுக்கு எருவாக ஏலம் போயின. தெய்வத்தை எருவாக்க மனிதனுக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

இத்தனை நீண்ட உறவு இருந்தும், பூனைக்குட்டி மனிதனிடம் பழகுவது பிறவியோடு முழுமையாக வந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்ற அம்மையார் 1980களில் இதை ஆராய்ந்தார். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் முக்கியமான பருவம். அந்த நாட்களில் மனிதக் கை இதமாகத் தொட்டுத் தூக்கிய குட்டி வாழ்நாள் முழுவதும் மனிதனை நம்புகிறது. தொடாத குட்டி, அடுக்களைக்குப் பின்னாலேயே பிறந்திருந்தாலும், காட்டுப்பூனைபோல் சீறுகிறது. பத்தாயிரம் வருஷத்துச் சரித்திரத்தை ஒவ்வொரு குட்டியும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறது.

அதற்காகக் குட்டியைத் தாயிடமிருந்து சீக்கிரமே பறித்துவிடவும் கூடாது. தாய் கவ்வியதும் உடம்பைத் தளரவிட்டுத் தொங்கும் பூனைக்குட்டியைத்தான் வைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதிக்கு உதாரணமாகக் காட்டினார்கள். அந்தச் சரணாகதிக்குரிய காலத்தைச் சுருக்கினால் குட்டியின் குணம் கெடுகிறது. எட்டு வாரத்துக்கு முன் பிரிந்த பூனைகளிடம் முரட்டுத்தனம் அதிகம் என்று 2017இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஏறக்குறைய 5,700 பூனைகளை வைத்துக் கண்டார்கள். பதினான்கு வாரம் பொறுப்பது உத்தமம் என்பது அவர்கள் யோசனை.

எங்கள் வீட்டுக்கு ஒரு சாம்பல் நிறக் குட்டி வந்தபோது, வந்த வேகத்தில் பீரோவுக்கு அடியில் போனதுதான். இரண்டு நாள் வெளியே வரவில்லை. என் பெண் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "அப்பா, அதுக்கு நம்மைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுதும்மா. அவசரப்படுத்தாதே" என்றேன்.

மூன்றாம் நாள் இரவு, நான் எழுதிக் கொண்டிருந்தபோது, காலடியில் ஒரு சிறு சூடு தட்டுப்பட்டது. நான் குனியவில்லை.

புதுக் குட்டிக்கு முதல் தேவை ஒளிய ஓர் இடம். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்கு வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் ஒளிந்து கொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சீக்கிரமே தெளிந்துவிட்டன என்று 2014இல் எழுதினார்கள். ஆகவே முதலில் ஓர் அறை போதும். ஒரு மூலையில் தாம்பாளத்தில் மண்; எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும்; நடுவில் கவிழ்த்த அட்டைப் பெட்டி. முன்பு தின்ற ஆகாரத்தையே சில நாட்கள் கொடுக்க வேண்டும். பசும்பால் பல குட்டிகளின் வயிற்றைக் கெடுத்துவிடும். தாம்பாளத்து மண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1947இல் அமெரிக்காவில் எட்வர்ட் லோ என்பவர், சாம்பல் வைத்துச் சலித்துப் போன பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஈரம் உறிஞ்சும் களிமண் துகள்களைக் கொடுத்தார். இன்று மாடி வீட்டிலும் பூனை வளர்வதற்கு அந்தக் களிமண் ஒரு பெரிய காரணம்.

குட்டியை முறைத்துப் பார்க்கக் கூடாது. கண்ணை மெதுவாக மூடித் திறந்தால், பூனையும் அப்படியே பதில் சொல்கிறது. கிட்டே வரவும் துணிகிறது. இதை 2020இல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்துச் சொன்னார்கள். பாட்டிமார்கள் சோதிக்காமலே செய்ததுதான். முதல் பயம் லேசில் போகாது என்பதற்குத் தெனாலிராமன் பூனையே போதும். ஒருமுறை நாக்குச் சுட்டதில் பாலைக் கண்டாலே ஓடியதல்லவா!

நம் ஊர்களில் வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தை ஓரத்தில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பாவம் சேரக் கூடாதென்று கொல்லாமல் விடுகிறார்களாம். நம்பத் தொடங்கிய பருவத்தில் அந்தக் குட்டி மனித ஜாதியைப் பற்றி எழுதிக் கொள்ளும் முதல் வரி அந்தச் சாக்குத்தான். தாய்ப்பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ய மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஆகும் அரை நாளைச் செலவிட்டால் சாக்குக்கு வேலையில்லை. வந்துவிட்ட குட்டிக்கோ, அது யோசித்து முடிக்கும்வரை பீரோவுக்கடியில் இடம் கொடுத்தால் போதும்.